பழைய ரோமானியக் கடைகளில் மொசைக் தரை, அதாவது சிறு கற்களால் உருவம் பதித்த தரை, பெயர்ந்திருந்தால், இல்லாத பகுதியைப் புதுக் கல் வைத்து முழுமையாக்கிவிடலாமே?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கட்டடப் பழுதுபார்ப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ரோமின் துறைமுக நகரமான ஒஸ்தியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பெரிய சதுக்கம். சுற்றிலும் தூண் வரிசை, அதை ஒட்டி 60 சொச்சம் சிறு அறைகள். கப்பல்காரர்களும் வணிகர்களும் வைத்திருந்த அலுவலகங்கள் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தரையில் கருப்பு வெள்ளைக் கற்களால் பதித்த மொசைக்தான் பெயர்ப்பலகை. சார்தீனியாவின் கராலிஸ் ஊர்க்காரர்கள் நடுவில் ஒரு கப்பலும் இருபுறமும் தானியம் அளக்கும் மரக்காலும் வைத்திருக்கிறார்கள். இன்றைய லிபியாவில் இருக்கும் சப்ராதாக்காரர்களுடையது யானை. கயிறு திரிப்பவர்களுக்கும் தோல் வேலைக்காரர்களுக்கும்கூட இடம் இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட தரைகளுக்கு வேர், மழை, களை எல்லாமே எதிரிதான். ஆனால் என்னை அதிகம் வருத்துவது 20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு. ஒஸ்தியா உட்படப் பல இடங்களில் மொசைக்கின் மேல் துணியைப் பசை போட்டு ஒட்டி, கற்களை அப்படியே பெயர்த்தெடுத்து, கம்பி கட்டிய சிமென்ட் பலகையில் பதித்தார்கள். கம்பி துருப்பிடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட் வெடிக்கும், மேலே இருக்கும் கற்களும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். சிமென்ட்டிலிருந்து கசியும் உப்பு, கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். பெயர்த்தெடுக்கும்போதே அடியில் இருந்த பழைய சுண்ணாம்புக் காரைப் படுகையும் போய்விடுகிறது. தரை எப்போது, எப்படிப் போடப்பட்டது என்பதற்கான சாட்சியே அதுதான்.

மொசைக் பாதுகாப்புக்கென்றே 1977இல் ஒரு சர்வதேசக் குழு தொடங்கப்பட்ட பிறகு, தரையை இருந்த இடத்திலேயே காப்பாற்றும் வழக்கம் வலுப்பட்டது. விளிம்புக் கற்கள் உதிராமல் சுண்ணாம்புக் காரையால் அணை கட்டுகிறார்கள். கற்கள் போன பள்ளத்தையும் அதே காரையால், சற்றே தாழ்வாக, கல்லோ உருவமோ பதிக்காமல் நிரப்புகிறார்கள். அப்புறம் குளிர்காலத்தில் துணி விரித்து மணல் போட்டு மூடிவைப்பதும் உண்டு.

சரி, அந்த வெற்றிடத்தில் கல் பதித்தால்தான் என்ன? ஒஸ்தியாவின் முக்கியத் தெருவில் ஃபோர்த்துனாத்துஸ் என்பவரின் மதுக்கடை இருக்கிறது. தரையில் ஒரு மதுக்கிண்ணம், அதைச் சுற்றி எழுத்து: தாகமென்றால் குடி என்கிற பொருளில். அதில் சில இடங்களில் எழுத்துகள் இல்லை. "விருந்தினரே என்கிறார் ஃபோர்த்துனாத்துஸ்" என்று ஒரு சாரார் நிரப்பிப் படிக்கிறார்கள். வெறுமனே "சொல்கிறார்" என்று இன்னொரு சாரார். புதுக் கல்லால் ஒன்றைப் பதித்துவிட்டால் அந்த ஊகம் கல்வெட்டாகிவிடும். நூறு வருஷம் கழித்து வருபவர் எது பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

கடைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே கைக்குக் கிடைத்த கல்லை வைத்து ஒட்டுப்போட்ட தரைகளும் உண்டு. அவற்றை எடுக்கவே கூடாது. அந்தக் கடை எவ்வளவு காலம் நடந்தது, எங்கே அதிகம் தேய்ந்தது என்பதை அந்த ஒட்டுகள் காட்டும்.

முழு உருவத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். பக்கத்தில் ஒரு பலகையில் வரைந்து வைக்கட்டும். செலவழிக்கப் பணம் இருந்தால் வருஷாவருஷம் களை பிடுங்கவும், ஆடும் கற்களைச் சுண்ணாம்பு வைத்து இறுக்கவும் ஆள் போடட்டும்.