ஒரே போஸில் இரண்டு மேரி அன்டோனெட் படங்கள்: எது போலி?

பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் ஒரே போஸில் நிற்கும் இரண்டு படக் கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன, எது போலி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே போலி இல்லை. வெள்ளை மஸ்லின் உடை, வைக்கோல் தொப்பி போட்ட படம்தான் முதலில் வந்தது. நீலப் பட்டு உடைப் படம் அதற்குப் பதிலாக வரையப்பட்டது. இரண்டும் 1783, வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன்.

அந்த வருடம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் மஸ்லின் படத்தை வைத்ததும், ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். படத்தை இறக்கிவிட்டு, அதே நிலையில் அரசவைக்கு ஏற்ற பட்டு உடையில் இன்னொன்றை மாட்டினார்கள். போஸ் ஒத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கோப்புகளைப் பெரிதாக்கிக் கழுத்தைப் பாருங்கள். மஸ்லின் படத்தில் நகையே கிடையாது. இடுப்பில் மெல்லிய பொன்னிற நாடா மட்டும். பட்டுப் படத்தில் கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்து, பின்னால் மரங்கள். ரோஜா இரண்டிலும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஜனங்களின் கொதிப்புக்கு அந்த முத்துகள் எவ்வளவு அழகான பதில் என்று யோசித்துப் பாருங்கள்!

ஒரு எச்சரிக்கை: வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் மஸ்லின் படம் பிரதி. மூலம் ஜெர்மனியில், ஹெஸ்ஸே குடும்ப அறக்கட்டளையிடம் உள்ளது. பட்டுப் படம் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில். படத்தின் கீழ் எழுதும்போது எந்த அருங்காட்சியகக் கோப்பு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.