மரபணுப் பிறழ்வின் வகைக்கும் மரபணு சிகிச்சைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. பிறழ்வு, அதாவது மரபணுவின் டிஎன்ஏ எழுத்துகளில் நேரும் மாற்றம், என்ன கெடுதல் செய்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் வழி முடிவாகிறது.

டிஎன்ஏ எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகப் படித்துப் புரதம் செய்கிறது. ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலம் ஒன்றுதான் மாறும். சில நேரம் அதுவும் மாறாது. ஆனால் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய்க்கு அந்த ஒரு மாற்றமே போதும்: ஹீமோகுளோபினில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. ஓரிரு எழுத்துகள் நுழைந்தாலோ விடுபட்டாலோ, அதற்குப் பின் வரும் வாசிப்பு முழுவதும் பிசகிவிடும்.

புரதம் போதிய அளவு உருவாகாத நோய்களில், நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்தலாம். எஸ்எம்ஏ என்ற தசைச் சிதைவு நோய்க்கு 2019இல் அமெரிக்கா அனுமதித்தது இந்த வகைதான். பிறழ்ந்த புரதமே தீங்கு செய்யும் நோய்களில் இது போதாது. அந்த மரபணுவை அடக்க வேண்டும்.

எனக்குப் பெரும் வியப்பு, 2023இல் அரிவாள் செல் நோய்க்கு அனுமதி பெற்ற, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் சிகிச்சை. அது பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை! நோயாளியின் இரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினைப் பிறகு அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் வேலையைக் குறைத்து, அந்த ஹீமோகுளோபினை மீண்டும் உருவாக வைக்கிறது. செல்களைத் திரும்பச் செலுத்துமுன், பழைய மூலச் செல்களை அழிக்கக் கடுமையான கீமோதெரபி தேவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.