பைக் திருட்டுக்கு சி.எஸ்.ஆர் மட்டும் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர் போட வைப்பது எப்படி?

கேள்வி: அம்மா பெயரில் இருக்கும் பைக், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிறுத்திய இடத்திலிருந்து திருடு போய் 19 நாள் ஆகிறது. அன்றைக்கே புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர் கேட்டால், "வண்டி கிடைக்குதான்னு பார்ப்போம், அப்புறம் போடலாம்" என்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர் இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? அம்மாவும் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமா?

பதில்:

முதல் வேலையாக அந்த சி.எஸ்.ஆர் ரசீதை நாலு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வண்டி போன அன்றே நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனீர்கள் என்பதற்கு இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். இனிமேல் செய்யப் போகிற எல்லாமே அதில் இருக்கும் எண்ணையும் தேதியையும் வைத்துத்தான்.

நான் வக்கீல் இல்லை. தாலுகா கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக மனு அடித்துக் கொடுப்பதுதான் வேலை. சி.எஸ்.ஆரையே எஃப்.ஐ.ஆர் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பிறகு பதறிப்போய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது.

சி.எஸ்.ஆர் என்பது சமூகப் பணிப் பதிவேடு. உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்தது, இந்த எண்ணில் எழுதி வைத்திருக்கிறோம் என்பதற்கான ரசீது. குற்ற நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, இது நம்மூர் ஸ்டேஷன் நடைமுறை. பக்கத்து வீட்டு வாய்த்தகராறு, கைமாற்றுப் பணம் என்று வரும் மனுக்களைக் கூப்பிட்டு விசாரிக்க அது நல்ல ஏற்பாடுதான். எஃப்.ஐ.ஆர் போட்டால்தான் வழக்கு எண் விழும், புலன்விசாரணை தொடங்கும், ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். அதன் பிறகு வழக்கை முடிப்பதென்றாலும் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்துத்தான் முடிக்க முடியும். சி.எஸ்.ஆரை ஸ்டேஷனுக்குள்ளேயே முடித்து வைத்துவிடலாம். இன்சூரன்ஸ்காரர்கள் கடைசியில் கேட்பது "வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற போலீஸ் அறிக்கை. எஃப்.ஐ.ஆர் இல்லாமல் அந்த அறிக்கைக்கு வழியே இல்லை.

என் சித்தப்பாவுக்குப் பால் வியாபாரம். அவருடைய ஸ்பிளெண்டரில் இரண்டு பக்கமும் கேன் மாட்டுவதற்குக் கம்பி வெல்டிங் வைத்திருப்பார். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மொய் எழுதிவிட்டு வருவதற்குள் வண்டியைக் காணோம். அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "கம்பி வச்ச வண்டிதானே, எங்கேயும் போயிடாது, கிடைச்சுடும்" என்றார். மறுநாள் சி.எஸ்.ஆர் கொடுத்தார்கள். அதோடு சரி. 23 நாள் போனது. சித்தப்பா சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போய்ப் பால் ஊற்றினார். ஊர்க்கோடியில் இருந்த வாடிக்கைகள் ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் மாறின. போகிற வழியில் தினமும் ஸ்டேஷனில் தலையைக் காட்டுவார். தினமும் அதே பதில்.

கடைக்கு வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் என்னைத் திட்டினார். "ஊருக்கெல்லாம் மனு அடிக்கிற, உங்க சித்தப்பாவை இன்னும் வாயால கேட்க விட்டிருக்கியே" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து எஸ்.பி.க்கு ஒரு பக்க மனு அடித்தேன். மறுநாள் காலையில் ஸ்பீட் போஸ்ட். ஆறாவது நாள் ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தது, "எஃப்.ஐ.ஆர் போடணும், வாங்க" என்று.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த மனுவில் என்ன பேச வேண்டும் என்பதற்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

திருட்டு என்பது வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம். காக்னிசபிள் என்பார்கள். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும், போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை ஸ்டேஷனுக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெண் குழந்தை கடத்தப்பட்டதாக அப்பா கொடுத்த புகாரைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்ததில் தொடங்கிய வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் அமர்வு, தலைமை நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி.சதாசிவம். குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணம் சொல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாமதமாக வந்த புகார் போன்றவற்றில் மட்டும் முதலில் சின்னதாக ஒரு விசாரணை செய்து பார்க்கலாம் என்று விட்டார்கள். நிறுத்தியிருந்த பைக் காணாமல் போனது அந்த வரிசையில் வராது.

அப்போது இருந்தது பழைய குற்ற நடைமுறைச் சட்டம், 154-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது, பிரிவு 173. இதில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி அனுமதி வாங்கி, 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை முடிக்கலாம். உங்கள் ஸ்டேஷனில் இதைக் காரணம் காட்டினால் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "சார், டி.எஸ்.பி அனுமதி வாங்கியிருக்கீங்களா? 14 நாள் தாண்டிடுச்சே?" உங்களுக்கு 19 நாள் ஆகிவிட்டது.

வண்டியின் இன்றைய மதிப்பையும் மனுவில் எழுதுங்கள். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருட்டுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது, அது காக்னிசபிள் இல்லை. பைக்குக்கு அந்தப் பிரச்சினை வராது. ஆனால் மதிப்பே எழுதாத மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பழைய செல்போன் திருட்டில் அது இடிக்கும்.

பஸ் ஸ்டாண்ட் என்பதால் "அந்த இடம் எங்க லிமிட் இல்ல" என்று யாராவது சொன்னால், அதுவும் நிற்காது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்ய வேண்டும் என்று அதே 173-வது பிரிவு சொல்கிறது. பதிந்துவிட்டு அவர்களே சரியான ஸ்டேஷனுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும்.

இனி மனு. மாவட்டம் என்றால் எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் துணை கமிஷனருக்கு. நான் சித்தப்பாவுக்கு அடித்ததை அப்படியே சொல்கிறேன், உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்: "மேற்படி நிலையத்தில் இன்ன தேதியில் நான் கொடுத்த புகாருக்கு இன்ன எண்ணுள்ள சி.எஸ்.ஆர் வழங்கப்பட்டது. இன்று வரை முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படவில்லை. புகாரில் கூறியுள்ளது திருட்டுக் குற்றம் என்பதால், பிரிவு 173(4)-இன்படி வழக்குப் பதிவு செய்ய உத்தரவிட்டு, அதன் நகலை எனக்கு இலவசமாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான். ரைட்டர் எப்படிப் பேசினார், எத்தனை தடவை அலைய விட்டார் என்பதெல்லாம் மனதில் கொதிக்கும், எனக்கும் கொதித்தது. மனுவில் அது வேண்டாம். படிக்கிற அதிகாரியின் கண்ணுக்கு எண்ணும் தேதியும் முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

பழைய புகார் நகல், சி.எஸ்.ஆர் நகல், ஆர்.சி நகல் மூன்றையும் பின் அடியுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்து அதையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எஃப்.ஐ.ஆர் போடக் கூப்பிட்டதும் சந்தோஷத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். புகார்தாரருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால், தகவல் கிடைத்த நாள் என்ற இடத்தில் அன்றைய தேதி. திருட்டு நடந்தது ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. அதை அப்படியே விட்டிருந்தால், ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுப் புகார் கொடுக்க வந்த மாதிரி ஆகியிருக்கும். சி.எஸ்.ஆரை எடுத்து மேஜையில் வைத்தேன். எஸ்.ஐ. இரண்டையும் ஒத்துப் பார்த்தார், மறுபேச்சுப் பேசாமல் முதல் மனுவின் தேதியையும் சி.எஸ்.ஆர் எண்ணையும் சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு வரி இன்சூரன்ஸில் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது. திருட்டு வழக்குகளில் முதலில் பார்ப்பதே போலீசுக்கு எப்போது சொன்னீர்கள் என்பதைத்தான். உடனே எஃப்.ஐ.ஆர் பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2020-இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். கம்பெனிக்கு இன்னும் எழுத்தில் சொல்லவில்லை என்றால் இன்றே சி.எஸ்.ஆர் நகலோடு இமெயில் போடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆரை முடிப்பதற்காகச் சில நேரம் "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். "வண்டி கிடைச்சா நாங்களே கூப்பிடுறோம், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எஸ்.பி.க்கு எழுதியும் அசையவில்லை என்றால் அடுத்தது மாஜிஸ்திரேட் கோர்ட், பிரிவு 175(3). அங்கே பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும், எஸ்.பி.க்கு எழுதியதற்கான அத்தாட்சியும் வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்குத்தான். நேரே ஐகோர்ட்டுக்குப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். முதலில் இந்த வழியில் போங்கள் என்று 2007-லேயே சாகிரி வாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. செலவும் பல மடங்கு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. வண்டி அம்மா பெயரில்தானே இருக்கிறது, அம்மா பெயரிலேயே கேட்கலாம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். எங்கள் கோர்ட்டில் அந்த அறை இருப்பதே தெரியாமல் அதன் வாசல் வழியாகவே என் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான்தான் திருப்பி அனுப்பி வைப்பேன்.

அம்மா வர வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். புகார் கொடுக்க உரிமையாளர்தான் வர வேண்டும் என்பதில்லை. குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தகவல் கொடுக்கலாம். வண்டியை நிறுத்தியது நீங்கள், காணோம் என்று பார்த்தது நீங்கள், அதனால் நீங்கள் கொடுப்பதுதான் பொருத்தம். அம்மாவிடம் சாட்சியாக ஏதாவது விசாரிக்க வேண்டும் என்றாலும், பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து கேட்க வேண்டும். பிரிவு 179. இன்சூரன்ஸ் பாரத்தில் மட்டும் பாலிசிதாரர் என்ற முறையில் அம்மாவின் கையெழுத்து வேண்டும். வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள், அந்த இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.