கைப் பிரஸ்ஸில் ரப்பர், பிளாஸ்டிக் சோதனை மாதிரிகள்: கேள்வி பதில்

கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஷீட், பட்டன் (தடித்த சிறு வட்டு), டம்பெல் (இழுத்துச் சோதிக்க, நடுப்பகுதி குறுகலாக வெட்டிய துண்டு) தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். "டென்சைல் (இழுவலிமை) குறைவாக வருகிறது, காம்பவுண்டில் (ரப்பரோடு சல்ஃபர் முதலியவை சேர்ந்த கலவையில்) என்ன கோளாறு?" என்றுதான் பலரும் தொடங்கியிருக்கிறீர்கள். காம்பவுண்டைச் சந்தேகப்படுவதற்கு முன் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். தானியங்கிப் பிரஸ்ஸில் அழுத்தம் இறங்கினால் அதுவே ஏற்றிக்கொள்ளும். கைப் பிரஸ்ஸில் அந்த வேலையும் நம்முடையது.

கேள்வி (கோவை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு): சார், எங்களிடம் 20 டன் கைப் பிரஸ் இருக்கிறது. 150 × 150 மி.மீ. ஷீட் நான்கு ஒரே நேரத்தில் வரும் மோல்டு வாங்கினோம். ஷீட்டில் பொடிப் பொடியாகத் துளைகள். முதலாளி சல்ஃபரைக் கூட்டச் சொல்கிறார்.

பதில்: சல்ஃபரைத் தொடாதீர்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சோதனை ஷீட்டுக்கு மோல்டு குழியின் பரப்பில் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்று ஐஎஸ்ஓ 2393, ஏஎஸ்டிஎம் டி3182 என்ற தரநிலைகள் இரண்டுமே சொல்கின்றன. அது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 36 கிலோ. ஒரு குழியின் பரப்பு 15 × 15 = 225 சதுர செ.மீ., அதற்கு 8 டன் போதும். நான்கு குழிக்கு 900 சதுர செ.மீ., 32 டன் வேண்டும். உங்கள் பிரஸ் முழுமூச்சாகக் கொடுத்தாலும் 2.2 மெகாபாஸ்கல்தான் கிடைக்கும். வல்கனைஸ் ஆகும்போது (சூட்டில் சல்ஃபரோடு பிணைந்து ரப்பர் உறுதியாகும்போது; கியூர் என்பதும் இதுதான்) ரப்பருக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அமுக்கி வைக்க அது போதாது. அதனால்தான் துளை.

ஒற்றைக் குழி மோல்டுக்கு மாறுங்கள். கேஜில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது ராமின் (எண்ணெய் அழுத்தத்தில் நகரும் பிஸ்டனின்) விட்டத்தைப் பொறுத்தது. 10 செ.மீ. விட்டமுள்ள ராமின் பரப்பு 78.5 சதுர செ.மீ. 8 டன்னுக்கு கேஜில் சுமார் 102 கிலோ/சதுர செ.மீ. வரும். மோல்டின் விளிம்பும் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்பதால் 125 வரை ஏற்றுங்கள். ராம் விட்டத்தை அளந்து, இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி பிரஸ்ஸிலேயே ஒட்டிவிடுங்கள். கேஜ் காட்டுவது எண்ணெயின் அழுத்தம், மோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

கேள்வி (நாகர்கோவில், லேடெக்ஸ் மற்றும் உலர் ரப்பர் ஆய்வகம்): பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றிய இரண்டு நிமிடத்திலேயே கேஜ் முள் இறங்கிவிடுகிறது. சீல் போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். குளிர்ந்த காம்பவுண்டு சூடான மோல்டில் இளகி ஓடி ஃபிளாஷாக (மோல்டு ஓரத்தில் பிதுங்கும் மிச்சமாக) வெளியேறும்போது முள் இறங்கத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று நிமிடம் கைப்பிடியை விட்டு நகராமல் நின்று, இறங்க இறங்க ஏற்ற வேண்டும். கியூர் பிடித்த பிறகும் இறங்கினால்தான் கசிவு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஹீட்டரை அணைத்து, பிளேட்டன்கள் (மோல்டை மேலும் கீழும் அழுத்தும் சூடான தட்டுகள்) குளிர்ந்த பிறகு நடுவில் தட்டையான எஃகுக் கட்டை ஒன்றை வையுங்கள். வேலை அழுத்தத்துக்கு ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் பிரஸ் நன்றாக இருக்கிறது. இறங்கினால் மூன்று இடம் பாருங்கள். ராமைச் சுற்றி எண்ணெய் கசிந்தால் ராம் சீல். வெளியே எண்ணெயே தெரியாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் ரிலீஸ் வால்வின் இருக்கை (வால்வு பதிந்து மூடும் இடம்), அல்லது பம்ப்பின் பந்து வால்வில் தூசி. கைப்பிடி தானாக மெல்ல மேலே எழும்பினால் அது பந்து வால்வேதான். பல நேரங்களில் எண்ணெயை வடித்து, வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும்.

இன்னொன்று: பிளேட்டனுக்கும் ராமுக்கும் நடுவே உள்ள வெப்பக்காப்புப் பலகை நொறுங்கியிருந்தால் சூடு எண்ணெய் வரை இறங்கும், சீல் சீக்கிரம் கெட்டிப்படும். அதையும் பாருங்கள்.

கேள்வி (டிப்ளமோ மாணவி, சென்னை): சார், தொடக்கம் முதல் ஒரு 2 மி.மீ. ஷீட் எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொல்ல முடியுமா? என் ஷீட் ஒரு ஓரம் 1.8, எதிர் ஓரம் 2.3 வருகிறது.

பதில்: முதலில் எடை. 150 × 150 × 2 மி.மீ. குழியின் கொள்ளளவு 45 க.செ.மீ. காம்பவுண்டின் அடர்த்தி 1.12 என்றால் 50.4 கிராம். 5 முதல் 8 சதவீதம் கூட்டி 53, 54 கிராம் எடுங்கள். இதைவிடக் குறைந்தால் மூலை நிரம்பாது. அதிகமானால் ஃபிளாஷ் தடித்து மோல்டு முழுமையாக மூடாது, ஷீட்டும் கனமாகிவிடும்.

மில்லிலிருந்து (காம்பவுண்டைக் கலக்கும் இரட்டை உருளை இயந்திரம்) காம்பவுண்டை 2.2 முதல் 2.4 மி.மீ. கனத்தில் ஷீட்டாக இறக்குங்கள். குழியைவிட ஒவ்வொரு பக்கமும் சில மி.மீ. சிறிதாக வெட்டுங்கள். மில் ஓடிய திசையை அப்போதே அம்புக்குறியிட்டுக் குறித்துவிடுங்கள். டம்பெல்லை அந்தத் திசைக்கு இணையாகத்தான் வெட்ட வேண்டும். கியூர் ஆன பிறகு எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மோல்டை மூடிய நிலையில் பிரஸ்ஸுக்குள் வைத்து, கியூர் வெப்பநிலையில் குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். பிறகு திறந்து, காம்பவுண்டை வைத்து, மூடி, பம்ப் அடியுங்கள். இதெல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் மோல்டு ஆறிவிடும். அழுத்தம் ஏறியதும் இரண்டு மூன்று முறை ரிலீஸ் வால்வைச் சட்டென்று திறந்து மூடி பம்ப்பிங் (bumping, பம்ப் அடிப்பது அல்ல) கொடுங்கள், சிக்கிய காற்று வெளியேறும். கடைசியாக முழு அழுத்தம் வந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். மோல்டை உள்ளே வைத்த நேரத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு ஷீட்டும் ஒவ்வொரு அளவுக்கு கியூர் ஆகிவிடும். நேரம் முடிந்ததும் ஷீட்டை எடுத்து உடனே தண்ணீரிலோ தட்டையான உலோகத் தகட்டிலோ 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள்.

1.8, 2.3 என்று சரிவாக வருவதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும்: மோல்டை நடுவில் வைக்கவில்லை, அல்லது பிளேட்டன்கள் இணையாக இல்லை. மோல்டை எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் மெல்லிய சாலிடர் கம்பித் துண்டு வைத்து லேசாக அழுத்துங்கள். நசுங்கிய துண்டுகளின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் எந்த மூலை தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 2.0-க்கு 0.2 மி.மீ. கூடக் குறையத்தான் டென்சைல் சோதனைக்கான ஐஎஸ்ஓ 37 அனுமதிக்கிறது என்பதால் உங்கள் ஷீட்டின் கனமான பக்கம் சோதனைக்கு ஆகாது.

கேள்வி (ஹோசூர்): கன்ட்ரோலரில் 150 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் ஷீட் கியூர் குறைவாக, பிசுபிசுப்பாக இருக்கிறது.

பதில்: கன்ட்ரோலரின் சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, ரப்பர் இருப்பது மோல்டுக்குள். மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை மோல்டின் இரண்டு பாதிக்கும் நடுவே வைத்து மூடி, 20 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். நடுவில் ஓர் அளவு, மூலையில் ஓர் அளவு எடுங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ப கன்ட்ரோலரை மாற்றுங்கள். மூலை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் எரிந்துபோயிருக்கும். பத்து டிகிரி குறைந்தால் கியூர் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதை வைத்துப் பார்த்தால், ஐந்து டிகிரி என்பதும் சின்ன விஷயமல்ல.

கேள்வி (அதே ஹோசூர் வாசகர்): ரியோமீட்டரில் (கியூர் வேகத்தை அளக்கும் கருவி) டி90, அதாவது 90 சதவீத கியூருக்கான நேரம், எட்டு நிமிடம். ஷீட்டுக்கும் கம்ப்ரஷன் செட் (அமுக்கி விட்டபின் ரப்பர் எவ்வளவு மீளாமல் நிற்கிறது என்ற சோதனை) பட்டனுக்கும் அதே நேரமா?

பதில்: இல்லை. 2 மி.மீ. ஷீட்டுக்கு டி90-உடன் இரண்டு நிமிடம் சேர்த்தால் போதும். 29 மி.மீ. விட்டம், 12.5 மி.மீ. உயரமுள்ள பட்டனின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரத் தாமதமாகும். ஐந்து முதல் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு பட்டனைக் குறுக்கே அறுத்து நடுவைப் பாருங்கள். அங்கே ஊசிமுனைத் துளையோ பிசுபிசுப்போ இருந்தால் நேரம் போதவில்லை. இயற்கை ரப்பராக இருந்தால் அவசரப்பட்டு 170 டிகிரிக்கு ஏற்றாதீர்கள், ரிவர்ஷன் (கியூரில் உண்டான பிணைப்புகள் சிதைவது) வந்து வலு இறங்கும். 140 முதல் 150-க்குள் நின்று நேரத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஷீட்டின் ஓரம் மோல்டு சேரும் கோட்டில் கிழிந்து உள்வாங்கினாற்போல் இருக்கிறது.

பதில்: அது பேக்ரைண்டிங். ஓரம் முதலில் கியூர் ஆகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ரப்பர் சூட்டில் விரிந்து அந்தக் கோட்டின் வழியே பிதுங்கப் பார்க்கிறது. திறந்ததும் அந்த இடம் பிய்ந்துகொள்கிறது. எடையைக் குறையுங்கள், வெப்பநிலையை 10 டிகிரி இறக்குங்கள், பம்ப்பிங்கை காம்பவுண்டு பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே முடியுங்கள்.

கேள்வி (மதுரை, செருப்பு சோல் தயாரிப்பு): அண்ணே, டம்பெல்லையும் இதே பிரஸ்ஸில் வெட்டலாமா? ஒரே ஷீட்டில் வெட்டிய ஐந்து டம்பெல்லில் மூன்று ஒரே இடத்தில் அறுகிறது.

பதில்: வெட்டலாம், ஆனால் பிளேட்டன் குளிர்ந்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அறுகிறது என்றால் குற்றவாளி டைதான் (டம்பெல்லை வெட்டும் அச்சு). அந்த இடத்தில் விளிம்பு மழுங்கியோ பல் விழுந்தோ இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், விரல் நகத்தை விளிம்பில் மெல்ல ஓட்டினாலும் தட்டும். அந்த நுண்ணிய வெட்டிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. டையைத் தீட்டக் கொடுங்கள். அடியில் இரும்புத் தகட்டை நேராக வைத்து வெட்டினால் மறுபடியும் மழுங்கும். கெட்டி அட்டையோ பாலிஎத்திலீன் பலகையோ வையுங்கள், ஒரே இடத்தில் பள்ளம் விழாமல் அடிக்கடி திருப்பிப் போடுங்கள்.

கைப் பிரஸ் மெதுவாக இறங்குவதால் ரப்பர் டைக்கு முன்னே பிதுங்கி, பக்கவாட்டு விளிம்பு உள்குழிந்து வரும். டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே இறக்கமாக இறக்குங்கள். இரண்டு ஷீட்டை அடுக்கி ஒன்றாக வெட்டவே கூடாது. நிறைய வெட்ட வேண்டியிருந்தால் நெம்புகோல் வகை டாகிள் பிரஸ் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள், வெட்டுவதற்கு அதுதான் ஏற்றது.

கனத்தை வெர்னியரால் அளக்காதீர்கள். விரல் அழுத்தத்தில் ரப்பர் அமுங்கி 0.1 மி.மீ. குறைத்துக் காட்டினால் டென்சைல் 5 சதவீதம் கூடுதலாக வந்து நிற்கும். தட்டையான பாதமுள்ள டயல் கேஜில், குறுகிய பகுதியின் மூன்று இடத்தில் அளந்து நடு மதிப்பை எடுங்கள். கியூர் ஆன பிறகு சோதிப்பதற்கு முன் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நம் ஊருக்கு 27 டிகிரி ஒப்புக்கொள்ளப்பட்ட வெப்பநிலை, 23-தான் வேண்டும் என்று ஏ.சி.யோடு போராட வேண்டியதில்லை.

கேள்வி (குழாய் ஆலை, புதுச்சேரி): எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஷீட் இதே பிரஸ்ஸில் போடுகிறோம். ஒரே ரெசினுக்கு வேறொரு ஆய்வகத்தின் அடர்த்தியும் எங்களுடையதும் ஒத்துவருவதில்லை.

பதில்: ஆறவிடும் வேகத்தைக் கேளுங்கள். ரப்பர் சூட்டில் கெட்டியாகிறது, பிளாஸ்டிக் ஆறும்போது கெட்டியாகிறது. எச்டிபிஇ எவ்வளவு மெதுவாக ஆறுகிறதோ அவ்வளவு படிகமாகும், அடர்த்தியும் விறைப்பும் கூடும். பாலிஎத்திலீனுக்கு வழக்கமான அளவு: 180 டிகிரியில், லேசான அழுத்தத்தில் 5 முதல் 15 நிமிடம் உருகவிட்டு, முழு அழுத்தத்தில் 5 நிமிடம் வைத்து, பிறகு நிமிடத்துக்கு 15 டிகிரி வீதம் ஆற்றி, 40 டிகிரிக்குக் கீழே வந்தபின் திறப்பது. 180-லிருந்து 40-க்கு இறங்க ஒன்பது பத்து நிமிடம் ஆக வேண்டும். பிளேட்டனில் தண்ணீர்ப் பாதை இருந்தால் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தெர்மோகப்பிளைப் பார்த்தபடி ஓட்டலாம். தண்ணீர்ப் பாதை இல்லாத பிரஸ்ஸில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் மணிக்கணக்கில் ஆகும், அது வேறு மாதிரி. பக்கத்தில் குளிர்ந்த பிரஸ் ஒன்று வைத்து மோல்டை மாற்றினால் வேகமாக ஆறும். எந்த வழியானாலும் அறிக்கையில் ஆற்றிய வேகத்தை எழுதுங்கள். ஆறும்போது சுருங்கி அழுத்தம் இறங்கும், அதையும் பம்ப் அடித்துத் தாங்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் குழி விழும்.

மோல்டாக நடுவில் ஒரு ஃபிரேம், மேலும் கீழும் பாலியெஸ்டர் படலம் அல்லது அலுமினியத் தாள், வெளியே தட்டையான தகடு போதும். மோல்டு ரிலீஸ் ஸ்ப்ரே தேவையில்லை. ரப்பருக்கும் அதைக் கண்டபடி அடிக்காதீர்கள்.

கேள்வி: நைலான் ஷீட் முழுக்கக் குமிழி.

பதில்: ஈரம். 80 டிகிரியில் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் வேக்யூம் அவனில், உலர்த்துங்கள். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரி, நான்கு மணி நேரம். கார்பன் பிளாக் கலந்த பாலிஎத்திலீனும் ஈரம் இழுக்கும், பலர் அதை உலர்த்துவதில்லை.

கேள்வி (கோவை வாசகர் மறுபடியும்): பிரஸ்ஸுக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது? பிரேக் ஆயில் இருக்கிறது.

பதில்: பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம், நைட்ரைல் சீல்களைக் கெடுத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன ஹைட்ராலிக் ஆயில், பெரும்பாலும் 46 அல்லது 68 தரம் (எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்). மாற்றியபின் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை கைப்பிடியை அடியுங்கள், காற்று வெளியேறும். கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. கைப்பிடிக்குக் குழாய் மாட்டி நீட்டாதீர்கள், பிரஸ்ஸின் அளவை மீறிவிடுவீர்கள். அழுத்தத்தில் இருக்கும்போது எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், நனையும் இடம்தான் கசிவு.