யுகட்டான் மாயா கிளர்ச்சி ஏன் நடந்துச்சு?

மெக்சிகோவோட யுகட்டான் பகுதியில 1847-ல மாயா விவசாயிங்க, அங்க ஆட்சி பண்ண ஸ்பானிய வம்சாவளி நிலக்காரங்களுக்கு எதிரா எழுந்த பெரிய கிளர்ச்சி இது, வரலாற்றுல "சாதிப் போர்"னு பேரு (இங்க சாதின்னா இனப் பிரிவு).

முக்கியக் காரணம் நிலம்தான். மாயாக்கள் காலங்காலமா சோளம் போட்ட பொதுக் காட்டை கரும்புத் தோட்டத்துக்குப் பிடுங்கிட்டாங்க, அதுக்கு மேல வரி, சர்ச்சுக்கு கட்டணம், கடன்னு சொல்லி பண்ணையிலேயே கட்டிப் போடுறது வேற. நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்குக்கு ஒருத்தர் வேலி போட்டு, நம்மளையே அதுல கூலிக்கு வரச் சொன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு முன்னாடி நடந்த அரசியல் சண்டைகள்ல இந்த ஸ்பானிய வம்சாவளி ஆளுங்கதான் வரியைக் குறைக்கிறோம், நிலம் தர்றோம்னு சொல்லி மாயாக்கள் கையில துப்பாக்கியே கொடுத்தாங்க.

1847 ஜூலையில மானுவேல் அந்தோனியோ ஆய்ங்கிற மாயா தலைவரைக் கொன்னதும் வெடிச்சுது. செசிலியோ சி, ஹசிந்தோ பாட் தலைமையில 1848-ல யுகட்டான் தலைநகர் மெரிடா பக்கமே வந்துட்டாங்க. பின்வாங்கினவங்க சான் சாந்தா குரூஸ்ங்கிற ஊர்ல தனி ஆட்சியே நடத்தினாங்க, 1901-லதான் மெக்சிகோ ராணுவம் அதைப் பிடிச்சுது.

மாயாக்கள் எப்பவோ அழிஞ்சு போயிட்டாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, இன்னைக்கும் யுகட்டான்ல லட்சக்கணக்கானவங்க மாயா மொழி பேசுறாங்க.