யார் மூட்டிய கணப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்தையும் அவர்கள் வேலைக்காரர்களையும் காட்டும் 'டவுன்டன் அபி' தொடரின் ஆறு சீசனையும் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். முதல்முறை தனியாக, இம்முறை மாமியாரோடு. அவருக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறார். வெள்ளைக்காரத் துரை வீட்டை வாய்பிளந்து பார்ப்பது அடிமைப் புத்தி என்கிறாள் என் தோழி. எனக்கு அப்படிப் படவில்லை. வீட்டு வேலை முழுவதையும் தனியாளாக முடித்துவிட்டு இரவு பத்தரைக்கு உட்காரும்போது, அங்கே மணி அடித்ததும் ஆள் எழுந்து போவதையும், மேஜையில் கரண்டிகள் நூல் பிடித்தாற்போல் இருப்பதையும் பார்க்க ஒரு நிம்மதி. அந்தக் காலத்துப் பிரபுக்கள் வேலைக்காரர்களைக் குடும்பத்தில் ஒருவர் மாதிரிதான் நடத்தியிருக்கிறார்கள் போலும். நான் ரசிப்பது தவறா? அடுத்து என்ன பார்க்கலாம்?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். இந்த வகைத் தொடர்களை அவரைப் போலத்தான் பார்க்க வேண்டும். வேலைக்காரர்கள் புழங்கும் கீழ்த்தளத்தில் யாருக்கு எந்த விளி என்பதைக் கவனித்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். வீட்டு நிர்வாகி கல்யாணமே ஆகாதவராக இருந்தாலும் 'மிஸஸ்'. ஆண் பணியாளர்களின் தலைவரான பட்லருக்குக் கீழ்த்தள ஆட்கள் 'மிஸ்டர்' போட வேண்டும், எஜமானர்கள் இருக்கும் மேல்தளத்தில் வெறும் குடும்பப் பெயர். புதிதாகச் சேரும் ஃபுட்மேனின் (சீருடையில் உணவு பரிமாறும் பணியாள்) பெயர் எஜமானிக்குப் பிடிக்கவில்லை என்றால் 'ஜேம்ஸ்' என்றோ 'ஜான்' என்றோ மாற்றிவிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லீவில் ஊருக்குப் போனால்தான். விருந்தாளியோடு வரும் பணியாளுக்கோ சொந்தப் பெயரே கிடையாது. கீழ்த்தளத்தில் அவருடைய எஜமானரின் பெயர்தான் அவருக்கு. பெரிய வீடுகளில் மேல்நிலைப் பணியாளர்கள் கறி வரைதான் மற்றவர்களோடு சாப்பிடுவார்கள். பிறகு வரிசையாக எழுந்து, இனிப்புக்கு வீட்டு நிர்வாகியின் அறைக்குப் போய்விடுவார்கள். மேலே நடக்கும் அதே நாடகம் கீழேயும் உண்டு, இன்னும் கறாராக.

ரசிப்பது தவறில்லை. தோழியின் குற்றச்சாட்டை நான் கையில் எடுக்கப் போவதில்லை, ஒரு சீரியல் பார்த்து யாரும் அடிமையானதாகத் தெரியவில்லை. ஆனால் வாதாட அவருக்கு நல்ல ஆயுதம் வேண்டுமென்றால் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லுங்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க். அதைக் கட்டிக்கொண்டவர் தாமஸ் ரம்போல்ட், 1778 முதல் 1780 வரை மதராஸ் கவர்னர். பிறகு வாங்கியவர் பால் பென்ஃபீல்ட், ஆற்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். அந்தக் கடன்களைப் பற்றித்தான் 1785இல் எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நெடுநேரம் முழங்கினார். மேல்தளத்துப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே வேண்டாம்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது 'குடும்பத்தில் ஒருவர் மாதிரி' என்ற உங்கள் வரி. இதை நீங்களா எழுதினீர்கள்? 1911இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசிய இன்சூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தபோது எஜமானியம்மாள்கள் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டுச் சொன்னதும் இதைத்தான். வேலைக்காரப் பெண்ணுக்காக எஜமானி வாரம் 3 பென்ஸ் கட்ட வேண்டும், அவள் சம்பளத்திலிருந்து 3 பென்ஸ், இரண்டுக்கும் அட்டையில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அவள் நோயில் படுத்தால் வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அந்தப் பாசத்துக்கு நடுவே ஸ்டாம்ப் எதற்கு என்றார்கள். பாசம் எப்படி இருந்தது என்பதற்குக் கிறிஸ்துமஸ் பரிசைப் பாருங்கள். பல பெரிய வீடுகளில் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசு சீட்டித் துணி. எதற்கு? அடுத்த வருஷம் வேலை நேரத்தில் போட்டுக்கொள்ளும் உடுப்பு தைக்க. தையல்கூலி அவள் பொறுப்பு. ஆண்களுக்குச் சீருடை வீட்டுச் செலவில் வந்தது. பெண்கள் காலைக்குப் பூப்போட்ட பருத்தி உடுப்பு, பிற்பகலுக்குக் கறுப்பு உடுப்பு, ஏப்ரன், தொப்பி எல்லாம் தாங்களே சேர்த்துக்கொண்டுதான் முதல் வேலைக்கே போக முடியும். விலகும்போது நற்சான்று எழுதிக் கொடுக்க எஜமானருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அது இல்லாமல் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கவும் முடியாது. பொய்ச் சான்று காட்டினால் தண்டிக்க மட்டும் 1792லேயே சட்டம் இருந்தது, 20 பவுண்டு அபராதம். இது எந்தக் குடும்பத்தில் நடக்கும்?

சரி, கோபத்தை விடுகிறேன். உங்களுக்கு நிம்மதி தருவதாகச் சொன்னீர்களே, அந்த ஒழுங்கு, அதற்கு வருகிறேன். வேலை கச்சிதமாக நடப்பதைப் பார்ப்பது சுகம்தான். ஆனால் தொடர் காட்டுவது வேலையின் கடைசி நிமிடத்தை. கரண்டி மேஜைக்கு வந்துவிட்ட பிறகுதான் கேமரா வருகிறது. அடுத்த முறை பார்க்கும்போது ஆட்களை விட்டுவிட்டு அறையின் கணப்பை, அதாவது குளிர்காயச் சுவரில் நெருப்பு மூட்டும் இடத்தை, மட்டும் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அது எப்படி வந்தது?

விடிவதற்கு முன், ஐந்தரை ஆறு மணிக்கு, பணிப்பெண் குளிர்ந்த அறைக்குள் வருகிறாள். ஜன்னல் கதவுகளைத் திறந்து, கணப்பின் முன்னிருக்கும் விரிப்பைச் சுருட்டி ஓரம் வைத்து, தரைவிரிப்பின் மேல் முரட்டுத் துணி போடுகிறாள். கையில் ஒரு மரப்பெட்டி, அதில் பிரஷ்கள், கிராஃபைட் பசை, உப்புத்தாள் போன்ற எமரி தாள், தோல் துண்டு. கூடவே உள்ளே கம்பிச் சல்லடை வைத்த மூடிபோட்ட வாளி. நேற்றைய சாம்பலை வாரிச் சல்லடையில் போட்டு, மூடியபடியே குலுக்க வேண்டும், திறந்து சலித்தால் அறை முழுக்கச் சாம்பல் பறக்கும், திரைச்சீலையிலிருந்து எல்லாவற்றையும் தட்ட வேண்டி வரும். சாம்பல் கீழே போய்விடும், பாதி எரிந்த கரித்துண்டுகள் மேலே நிற்கும். அவற்றை எறியக்கூடாது, மறுபடி எரியும்.

பிறகு இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்பு மெருகு. ஒரு பிரஷ்ஷால் பசையைத் தடவி, இன்னொரு பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். இரும்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூடு மிச்சமிருந்தால் பசை தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். எஃகுப் பகுதி இருந்தால் எமரி தாள். ஒருநாள் விட்டாலும் துரு பூக்கும்.

அடுத்து நெருப்பு அடுக்குவது. அடியில் சலித்தெடுத்த கரித்துண்டுகள் இடைவெளி விட்டு. மேலே கசக்கிய காகிதம், அதன்மேல் சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கும் மேல் சிறிய நிலக்கரித் துண்டுகள். நெருக்கி அடுக்கினால் காற்றுப் போகாது, புகையும், பிடிக்காது. சுள்ளியில் ஈரம் இருந்தால் அவ்வளவுதான். அதனால் முந்தைய இரவே சமையலறை அடுப்பின் பக்கத்தில் காய வைத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் புகை அறைக்குள் திரும்பும். இரவெல்லாம் புகைபோக்கியில் நின்ற குளிர்காற்றுக்குக் கனம் அதிகம், அது மேலே வழிவிடாது. ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்திப் புகைவழியின் வாயில் பிடித்து உள்காற்றைச் சூடாக்கினால் இழுவை வரும். இழுவை போதாவிட்டால் செய்தித்தாளை விரித்துக் கணப்பின் வாயை மறைப்பார்கள், கீழ்ச்சந்து வழியாகக் காற்று சீறிக்கொண்டு போகும். ஒரு விநாடி தாமதித்துத் தாளை எடுத்தால் தாளும் பற்றும், ஏப்ரனும் பற்றும்.

இது ஒரு கணப்பு. வீட்டில் படுக்கையறை, உடைமாற்றும் அறை, நூலகம், வரவேற்பறை, சாப்பாட்டறை எல்லாவற்றிலும் உண்டு. குடும்பம் கண்விழிப்பதற்குள் முடிய வேண்டும், படுக்கையறையிலோ அவர்கள் தூங்கும்போதே சத்தமில்லாமல் மூட்டிவிட்டு வர வேண்டும். நிரம்பிய கரித்தொட்டி ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ. பகலெல்லாம் அது தீரத்தீர நிலவறையிலிருந்து பின்படிக்கட்டு வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். அதோடு வெந்நீர். படுக்கையறையில் இடுப்பளவுத் தொட்டி வைத்துக் குளித்த காலத்தில், 40 லிட்டர் நீர் என்றால் 40 கிலோ, கைக்குப் பத்தாகத் தூக்கினாலும் இரண்டு நடை. குளித்து முடித்த அழுக்குநீர் தானாக இறங்காது, அதற்கும் இரண்டு நடை. மூத்திரக் கோப்பைகள் தனிக்கணக்கு.

முழங்கால் சில்லுக்கு முன்னால் ஒரு மெல்லிய நீர்ப்பை இருக்கிறது. நாள்தோறும் மண்டியிட்டால் அது வீங்கும். அந்த வீக்கத்துக்கு ஆங்கில மருத்துவத்தில் இன்றும் வழங்கும் பெயர் 'பணிப்பெண் முழங்கால்'. இப்போது அது தரையில் கல் பதிப்பவருக்கும் குழாய் வேலை செய்பவருக்கும் வருகிறது, பெயர் மட்டும் அவளுடையது. ஆறு சீசனில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தீர்களா என்று மாமியாரைக் கேளுங்கள்.

வெள்ளிப் பாத்திரமும் அப்படித்தான். நகை மெருகிடும் சிவப்புப் பொடியை அம்மோனியாவில் குழைத்து வெறும் விரலால் தேய்ப்பார்கள். துணியால் தேய்த்தால் அந்த மெருகு வராது. முதல் சில வாரம் விரல் கொப்புளித்து உடையும், தேய்ப்பதை நிறுத்தக்கூடாது, பிறகு தோல் காய்த்துவிடும். செம்புப் பாத்திரங்களுக்கு வெளியே உப்பும் வினிகரும் மாவும் குழைத்துத் தேய்ப்பு, உள்ளே ஈயம் பூச்சு. பூச்சு தேய்ந்ததைக் கவனிக்காமல் புளிப்பான எதையாவது கொதிக்க வைத்தால் களிம்பேறி விஷமாகும். இதையெல்லாம் பார்க்க வேண்டியவள் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருந்த, பாத்திரம் தேய்க்கும் சிறுமி. 1861இல் திருமதி பீட்டன் வெளியிட்ட வீட்டு நிர்வாக நூலில் அவளுக்கு வருஷத்துக்கு 5 முதல் 9 பவுண்டு. பட்லருக்கு 25 முதல் 50.

ஒரு வேடிக்கை. அந்தத் தொடரின் மேல்தளம் ஹாம்ப்ஷயரின் ஹைகிளியர் மாளிகை, நிஜம். சமையலறையும் பணியாளர் கூடமும் லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட். கீழே தட்டை ஏந்திப் படியேறும் ஆள் மேலே சாப்பாட்டறைக்குள் நுழைவதற்குள் சுமார் 80 கிலோமீட்டர் கடந்திருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்காததில் ஆச்சரியமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த இடம் ஒன்று உண்டு. 'தனியாளாக' என்று எழுதியிருக்கிறீர்கள். 1911 சென்சஸில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13 லட்சம் பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி மாளிகையைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு குமாஸ்தா வீட்டிலோ கடைக்காரர் வீட்டிலோ தனியாகவோ, கூட ஒருத்தியோடோ வேலை பார்த்தார்கள். பட்லர் இல்லை, சமையல்காரி இல்லை, சண்டை போடக்கூடத் துணை இல்லை. சமையலறை அடுப்பு மூட்டி, சாப்பாட்டறைக் கணப்பு மூட்டி, வாசற்படியை மண்டியிட்டுச் சுண்ணக்கல்லால் வெள்ளையாக்கி, காலை உணவு வைத்து, அவர்கள் சாப்பிடும்போது மேலே போய்ப் படுக்கை தட்டி, அழுக்குநீர் இறக்கி, சமைத்து, கழுவி. நடுவில் வாசல் மணி அடித்தால் கரி ஏப்ரனை அவிழ்த்து வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும், வருகிறவருக்கு இந்த வீட்டில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பதாகத் தோன்ற வேண்டும் அல்லவா? பீட்டன் கணக்கில் அவளுக்கு வருஷம் 9 முதல் 14 பவுண்டு. அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், குறைந்தபட்சத்தை எடுத்தால் நாளுக்கு 6 பென்ஸ்கூட வரவில்லை. அவளைக் கதாநாயகியாக வைத்து ஆறு சீசன் எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். அவள் பேச இரண்டாவது ஆள் வேண்டுமே.

ராத்திரி பத்தரைக்கு நீங்கள் தேடும் நிம்மதி என்ன என்று எனக்குப் புரிகிறது அம்மா. அந்த வீட்டில் ஒரு வேலைக்கு ஓர் ஆள் இருக்கிறது. தாராளமாகப் பாருங்கள்.

அடுத்து என்ன என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 2002இல் பிரிட்டனின் சானல் 4 'எட்வர்டியன் கன்ட்ரி ஹவுஸ்' என்று ஒன்று எடுத்தது. நடிகர்கள் இல்லை. ஸ்காட்லாந்தின் மாண்டர்ஸ்டன் மாளிகையில் சாதாரண ஆட்களைக் கொண்டுவிட்டு, சிலரை எஜமானர் குடும்பமாகவும் மற்றவர்களைப் பணியாளர்களாகவும் மூன்று மாதம் அக்கால முறைப்படியே வாழவைத்தார்கள். பாத்திரம் தேய்க்க முதலில் வந்த பெண் சில நாளிலேயே மூட்டை கட்டிவிட்டாள். அடுத்து வந்தவளும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக ஒருத்தி வந்துதான் தாக்குப்பிடித்தாள். மாமியாரையும் உட்கார வைத்துப் பாருங்கள், முதல் பெண் எந்த இடத்தில் கிளம்ப முடிவெடுக்கிறாள் என்பதை அவர் உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்.