ஷேடோ பேன் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? என் ரீல்ஸ் யாருக்குமே போகவில்லை, என்ன செய்வது?

இருக்கிறது. நம் பதிவு மற்றவர்களுக்குப் போகாதபடி, நம்மிடம் சொல்லாமலே தடுத்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். உங்களுக்கு நடந்திருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி. மூன்று வாரமாக உங்கள் சமையல் ரீல்ஸ் எதுவும் ஐந்நூறு பார்வையைத் தாண்டவில்லை, யாரோ ரகசியமாகத் தடை போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் இதே வார்த்தைகளை, இதே ஆத்திரத்தோடு, நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் சித்தி தூத்துக்குடியில் மீன் வியாபாரம் செய்கிறாள். அவளுக்காக நான் ஒரு பக்கம் நடத்துகிறேன். எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. சித்தி அருவாமனை முன்னால் குந்தி உட்கார்ந்து, பன்னிரண்டு கிலோ சீலா மீனைச் செவுள் எடுத்து, வில்லை வில்லையாக அறுத்துப் போடுவாள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, சர்சர் என்று அறுபடும் சத்தம் மட்டும்தான். அந்த ரீல் மூன்று லட்சம் பேரிடம் போனது. அடுத்து போட்டதெல்லாம் இருநூறு, முந்நூறு.

"ஏல, எவனோ கண்ணு வச்சுட்டான்" என்று சொல்லி, சித்தி என் போனுக்கே மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு நான் செய்தது என்ன? யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று இரண்டு நாள் செயலியைத் திறக்காமல் இருந்தேன். இன்னொருவர் சொன்னார் என்று ஹேஷ்டேக் எல்லாவற்றையும் அழித்தேன். சித்தியின் மிளகாயாவது நெடி அடித்தது, என் வைத்தியத்தில் அதுகூட இல்லை.

கடைசியில் விஷயம் அமைப்புகளுக்குள், 'கணக்கின் நிலை' என்ற பக்கத்தில் கிடந்தது. இரண்டு காணொலிகளைப் பரிந்துரைக்கத் தகாதவை என்று குறித்து வைத்திருந்தார்கள். அறிவிப்பு, மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. கத்தியும் ரத்தமும் தெரிந்ததால் இருக்கலாம் என்பது என் ஊகம். மேல்முறையீடு செய்தேன். ஒன்றை விடுவித்தார்கள், மற்றதை விடவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே மீனை வைத்து எடுத்தவை.

ஷேடோ பேன் என்ற வார்த்தையின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நிறுவனங்கள் எங்கே நழுவுகின்றன என்று புரியும். பழைய இணைய மன்றங்களில் தொல்லை கொடுப்பவனை வெளியேற்றினால் புதுப் பெயரில் திரும்பி வருவான். அதனால் அவன் எழுதுவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி செய்துவிடுவார்கள். பதில் எதுவும் வராமல் சலித்து அவனே போய்விடுவான். ரெட்டிட் தளம் விளம்பரக் குப்பை போடுகிறவர்கள் மேல் இதை வெகுநாள் பயன்படுத்தியது. நிஜ மனிதர்களுக்கு இது முறையல்ல என்று, 2015இல் அவர்களுக்கு வெளிப்படையான இடைநீக்கத்தைக் கொண்டுவந்தது.

2018இல் அமெரிக்காவில் இது அரசியல் சண்டையானது. குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலரின் பெயர்கள் ட்விட்டர் தேடல் பெட்டியின் பரிந்துரைகளில் வரவில்லை என்று செய்தி வந்தது, டிரம்ப்பும் கொதித்தார். நாங்கள் ஷேடோ பேன் செய்வதே இல்லை என்று ட்விட்டர் மறுத்தது. அந்த மறுப்பின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். எழுதியவரைத் தவிர வேறு யாராலும், அவருக்கே தெரியாமல், பார்க்க முடியாதபடி செய்வதுதான் ஷேடோ பேன் என்று முதலில் இலக்கணம் வகுத்தார்கள். அந்த இலக்கணப்படி அவர்கள் சொன்னது சரிதான். முழுதாக மறைக்கவில்லையே! ட்விட்டரை வாங்கிய ஈலோன் மஸ்க் 2022 டிசம்பரில் உள்ளே விட்ட பத்திரிகையாளர்கள் வெளியிட்ட படங்களில், சில கணக்குகளின் மேல் 'டிரெண்ட்ஸ் பிளாக்லிஸ்ட்' (டிரெண்டிங்கில் காட்டாதே), 'சர்ச் பிளாக்லிஸ்ட்' (தேடலில் காட்டாதே), 'டு நாட் ஆம்ப்ளிஃபை' (பரப்பாதே) என்று முத்திரைகள் இருந்தன. அந்த வேலைக்கு உள்ளே வழங்கிய பெயர் 'விசிபிலிட்டி ஃபில்டரிங்', அதாவது கண்ணில் படுவதை வடிகட்டுவது. அதைக் கண்டித்த மஸ்க்கே, பேச்சுக்குச் சுதந்திரம் உண்டு, பரவலுக்குக் கிடையாது என்ற கொள்கையைத்தான் அறிவித்தார். 2023இல் மட்டுப்படுத்திய சில வகைப் பதிவுகளின் மேல் சீட்டு ஒட்டத் தொடங்கினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே இதை விளக்கை அணைப்பது என்று நினைக்காதீர்கள், திரியை இறக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதியை மீறாத, ஆனால் விளிம்பில் நிற்கும் பதிவுகளின் பரவலைக் குறைப்போம் என்று 2018 நவம்பரில் ஃபேஸ்புக்கின் ஸக்கர்பெர்க் ஒளிவுமறைவில்லாமலே எழுதினார். 2019இல் யூடியூபும் அதே வழிக்கு வந்தது. பொய் மருத்துவமும் மோசடிக் கடன் விளம்பரமும் நம் வீட்டுப் பெரியவர்களின் போனுக்கு வரும் வேகத்தைப் பார்த்தால், திரியே இறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்ல வராது. என் கோபம் வேறு. ஊர்விலக்கு வைத்த கொடிய பஞ்சாயத்துகள்கூட உன்னை விலக்கி வைத்திருக்கிறோம் என்று சம்பந்தப்பட்டவனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தன.

சொல்லாமல் செய்யும்போது எதெல்லாம் நடக்கும் என்பதற்கு டிக்டாக் போதும். மாற்றுத்திறனாளிகளின் காணொலிகள் சொந்த நாட்டுக்குள் மட்டும் தெரியும்படி மட்டுப்படுத்த டிக்டாக்கில் பதிவுகளைச் சரிபார்க்கும் மட்டுறுத்துநர்களுக்கு உத்தரவு இருந்ததாக 2019 டிசம்பரில் ஜெர்மனியின் நெட்ஸ்போலிட்டிக் தளம் அம்பலப்படுத்தியது. நிறுவனம் ஒப்புக்கொண்டது. கேலிக்கு ஆளாகிவிடுவார்கள், அதைத் தடுக்கத் தற்காலிகமாகச் செய்தோம் என்றது. கேலி செய்கிறவனுக்கு ஒன்றும் இல்லை, கேலிக்கு ஆளாகக்கூடியவரை அறைக்குள் பூட்டியாயிற்று. பூட்டியது அவருக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. தன் காணொலி நன்றாக இல்லைபோல என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பயம் எழுத்தையே மாற்றிவிட்டது. தமிழ்க் காணொலித் தலைப்புகளைக் கவனியுங்கள். 'கொ*லை' என்று உடுக்குறி போடுகிறார்கள், 'தற்கொலை' என்ற சொல்லை வாயால் சொல்லவே தயங்குகிறார்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே தண்டனை உண்டா என்று கேட்டால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. உடுக்குறி போட்டவன் ஒரு வீடியோ ஓடினால், அதனால்தான் ஓடியது என்று நம்புகிறான். மறுபடி மிளகாயும் உப்பும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 17ஆம் பிரிவில், விதியைக் காட்டி ஒரு பதிவின் பரவலைக் குறைத்தாலும் காரணத்தைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நெதர்லாந்தில் டேனி மெகிச் என்பவர், தன் கணக்கை எக்ஸ் தளம் (பழைய ட்விட்டர்தான்) சொல்லாமல் மட்டுப்படுத்தியதாக வழக்குப் போட்டார். 2024 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(8), பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினாலோ முடக்கினாலோ முன்கூட்டியே காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. நீக்கவும் இல்லை, முடக்கவும் இல்லை, திரியை மட்டும் இறக்கினோம் என்றால்? அதைப் பற்றி அந்த விதியில் பேச்சே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கணக்கின் நிலையைத் திறந்து பாருங்கள். அப்புறம் புள்ளிவிவரத்தில், பார்த்தவர்களில் உங்களைப் பின்தொடராதவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எனக்கு 80இல் இருந்தது 4க்கு வந்திருந்தது. சித்தியின் பழைய வாடிக்கையாளர்கள் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புது ஆட்கள்தான் அறவே நின்றுபோனார்கள். இப்படி இருந்தால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு தரப்பும் சேர்ந்தே குறைந்திருந்தால் தயவுசெய்து உங்கள் வீடியோவையே இன்னொரு முறை பாருங்கள். இதைக் கேட்கக் கசக்கும், எனக்கும் கசந்தது. சில மாதம் கழித்து மறுபடி பார்வைகள் குறைந்தபோது, இதோ மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்று குதித்தேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை. காலண்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: புரட்டாசி. பாதித் தமிழ்நாடு கவுச்சியைத் தொடாத மாதத்தில் மீன் வெட்டுவதை யார் பார்ப்பார்கள்?

இப்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீனையும் பலகையையும் கழுவின பிறகுதான் கேமராவை ஓடவிடுகிறோம். அந்தப் பழைய ரீல் இன்னும் தகாததாகவே கிடக்கிறது. சித்தியிடம் விளக்கிப் பார்த்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "மீன அறுத்தா ரத்தம் வராம, பின்ன பன்னீரா வரும்?" என்றாள்.